தொண்ணூற்றொன்பதில் நின்ற மச்சான்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மன்னார்குடியில் என் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சலாஹுதீன் பாய் கடையில் சாமான் வாங்கினால் திட்டு இலவசம் என்பார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் என் கோபம் பலிக்காது. என் தங்கை சைத்தூன் பீவியின் புருஷன் மீரா உசேன். நான் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே நிற்பார். அந்த மனுஷனைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

மச்சானுக்குக் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழில். பிரியாணி தேக்சாவிலிருந்து சஹன் வரைக்கும் அவரிடம் உண்டு. சஹன் என்றால் அகலமான தாம்பாளம். எங்கள் வீட்டு விருந்துகளில் ஆளுக்கொரு இலை கிடையாது. ஒரு சஹனைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவோம். தன் பக்கம் கிடக்கும் கறியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை.

மற்ற வாடகைக்காரர்கள் பாத்திரத்தை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மச்சான் போகமாட்டார். பெண்ணுக்கு மாமா யார், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா யார் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் பந்தியில் ஒவ்வொரு சஹனாகக் குனிந்து விசாரிப்பது அவர்தான். "என்ன தம்பி, கொறிக்கிறீங்க? நல்லா அள்ளிச் சாப்பிடுங்க. டேய், இங்க சோறு கொண்டா!" கடைசிப் பந்தியில் தானும் உட்காருவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் பசியில்லாதவனுக்கும் பசி வரும். நூற்றுப் பதினாலு கிலோ சும்மா வந்துவிடுமா?

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ். போகும்போது வடுவூர் ஏரியைப் பார்த்துக்கொண்டு போவாள், வரும்போது கண்ணைத் திறக்கத் தெம்பிருக்காது. மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது என்றார்கள். நான்தான் முதல் ஆளாகப் போய் நின்றேன். பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவர் தரமுடியாது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். கூடப் பிறந்தவளுக்கு ஆகாத உடம்பு என்ன உடம்பு! அவள் மகள் அஃப்ரீன் சீர்காழியில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சைத்தூன் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் மச்சான் ஒருவர்தான். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, எடை மட்டும் உதைத்தது. "தொண்ணூத்திரெண்டு கிலோவுக்கு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார் டாக்டர் பிரகதீஸ்வரி.

பாமணி ஆற்றங்கரையில் இரண்டு மாதம் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். மூன்று கிலோ குறைந்தது. அதில் ஒன்றரை கிலோவை ஒரு வலீமா விருந்து திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம்தான் டாக்டர், பசியைக் குறைக்கிற ஊசியைப் பற்றிச் சொன்னார். வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் ஏகப்பட்ட பரிசோதனைகள் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் மச்சான் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன மச்சான்?"

"கூத்தாநல்லூர்ல ஒரு நிக்காஹ். தேக்சா மூடியைத் தெறந்தாங்க. ஒண்ணுமே தோணல மச்சான். வாசனை வருது, எனக்கு ஒண்ணுமே தோணல. பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

நான் சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை என் தங்கைக்காக வாரம் ஒரு ஊசியில் கொன்றுகொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் என் கடையில் மூட்டை நிறுக்கிற எடைமேடையில் ஏறி நிற்பார். மூட்டை தூக்குகிற அண்ணாதுரை, "பாய், பொன்னியா, குண்டு அரிசியா?" என்று கேட்பான். நூற்றுப் பத்து, நூற்றைந்து, நூற்றிரண்டு என்று இறங்கி, ஐந்தாவது மாதம் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தது. அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு நின்றுவிட்டது. அடுத்த வெள்ளியும் தொண்ணூற்றொன்பது. அதற்கடுத்த வெள்ளியும் அதே. எட்டு வாரம் மேடை அசையவே இல்லை. அதற்குள் சைத்தூனின் கால் வீங்கிவிட்டது, இரண்டு தடவை மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் ராத்தங்க வேண்டியதாயிற்று. நாள் போய்க்கொண்டே இருந்தது.

டாக்டர் பதறவில்லை. எடை பாதியில் நின்றுபோவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார். உடம்பு இளைத்ததும் அது செலவழிக்கிற சக்தியும் குறைந்துவிடுமாம். சாப்பிடுவதை ஒன்று விடாமல் எழுதச் சொன்னார். மச்சான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதினார். காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் சுண்டல், இரண்டு முட்டை. அதைப் படித்துவிட்டு டாக்டரே, "இவ்வளவுதானா பாய்? எதுவும் விட்டுப் போகலையே?" என்று கேட்டார். "அல்லா மேல ஆணையா இவ்வளவுதாம்மா" என்றார் இவர். மச்சான் பொய் சொல்லத் தெரியாதவர். டாக்டரும் குழம்பினார், நானும் குழம்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கை வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன். போனால் மச்சான் உட்கார வைத்துவிடுவார், என் சர்க்கரை ஏறிவிடும். ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை வாங்கிவர மத்தியானம் போகவேண்டி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னும் ஒரு வாய் சைத்தூன்."

"நீங்க எடுங்க. அப்பத்தான் நானும் எடுப்பேன்."

கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஒரு சஹன். நெய் மிதக்கிற சோறு, கோழி, அவித்த முட்டை. கல்யாணமான நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவர்களுக்கு ஒரே சஹனில்தான். அவள் கோழியை அவர் பக்கம் தள்ளிவிடுகிறாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, குமட்டலை அடக்கி, தண்ணீரைக் குடித்து விழுங்குகிறார். அதற்கப்புறம்தான் அவள் ஒரு வாய் எடுக்கிறாள்.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"வாங்க மச்சான். இது அவ சாப்பாடு."

"அவ சாப்பாட்டுல யாரோட கை?"

"என் சாப்பாடு எப்பவோ முடிஞ்சுது. சப்பாத்தி, நோட்டுல எழுதியாச்சு. இவளுக்குத்தான் வாய் கசக்குது, சாப்பிட மாட்டேங்குறா. நான் கூட உக்காந்தாத்தான் நாலு வாய் உள்ள போகுது."

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சஹனில் தின்றதெல்லாம் அவள் சாப்பாடாம்! பந்தி பந்தியாக அடுத்தவர்களைச் சாப்பிட வைத்தே பழகிய மனுஷனுக்கு, துணைக்குக் கைவைப்பது தான் தின்பதாகத் தோன்றவே இல்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு கைகழுவப் போனார்.

சைத்தூன் சஹனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அவருக்குத்தான் தெரியல. உனக்குமா புத்தி இல்ல?"

"தெரியும்ணே" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. "தெரிஞ்சுதான் செய்றேன். நூறுக்குக் கீழ எறங்கின நாள்லேர்ந்து நெய்யும் நான்தான் கூட ஊத்துறேன்."

"எதுக்கு?" என்றேன்.

"இவரோட அத்தாவை, என் மாமனாரை, ஆப்பரேஷனுக்குன்னு கூட்டிட்டுப் போனோமே, மயக்க மருந்து குடுத்த எடத்துலயே போய்ட்டாக. மய்யித்துதான் வீட்டுக்கு வந்துச்சு. அதே மாதிரி இவரையும் படுக்கவச்சு வெட்டச் சொல்றீங்களா? எனக்காகவா? தொண்ணூத்தொம்பதுலயே இருக்கட்டும். உசுரோட இருக்கட்டும்." சஹனைக் கீழே வைத்தாள். "வாராவாரம் எல்லாரும் அவர் எடையத்தான் கேக்குறீங்க. எனக்கு அவரோட கிட்னி வேணுமான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களாண்ணே?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. என் தங்கையை எனக்கு நாற்பத்தாறு வருஷமாகத் தெரியும், ஆனால் அவள் மனசில் இப்படி ஒரு பயம் கிடந்து அழுத்துவது தெரியவில்லை.

ஈரக்கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார் மச்சான். கோபப்படுவார் என்று பார்த்தேன். கிட்டே வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப கேக்குறேன் சைத்தூன். உனக்கு வேணாமா?"

"டாக்டரம்மாவை நான் பாக்கணும். நான் தனியாக் கேக்கணும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். குறுவை அறுப்பு முடிந்து வழிநெடுக ரோட்டில் நெல் காய்ந்தது, வண்டி ஊர்ந்துதான் போயிற்று. மச்சானை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே வரச்சொன்னாள். அதுவரை டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய பெண், அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவருக்கு உயிருக்கு ஆபத்து உண்டா? ஒரு சிறுநீரகத்தோடு எத்தனை வருஷம் இருப்பார்? பாத்திரம் தூக்கலாமா? டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார்.

"அப்ப எனக்காக அவரை ஏன்ம்மா இப்படிப் பட்டினி போடுறீங்க?"

டாக்டர் அவள் கையைப் பிடித்தார். "உங்களுக்காக இல்லம்மா. கிட்னி நூறு கிலோ ஆளுகிட்ட இருந்து வந்தாலும் உங்களுக்கு வேலை செய்யும். உடம்பு கனமா இருந்தா மயக்க மருந்துலயும் சிக்கல் வரலாம், பின்னாடி சர்க்கரை வந்து மிச்சம் இருக்குற ஒரு கிட்னியும் கெடலாம். அவரு நல்லபடியா எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும், ரொம்ப நாள் இருக்கணும். அதுக்குத்தான் எடையக் குறைக்கச் சொல்றேன்."

எந்தச் சாவிலிருந்து அவரைக் காப்பாற்றச் சைத்தூன் நெய்யை ஊற்றினாளோ, அந்த நெய்தான் அவரை அதன் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது. வெளியே வந்ததும் மச்சானிடம், "எனக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து இருவருக்கும் தனித்தனித் தட்டு. தனியாகச் சாப்பிடுவது அவளுக்கு லேசாக இல்லை. ஒரு நாள் நானே பார்த்தேன். கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு வாயாக விழுங்கி, தட்டைக் காலி செய்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் ஊசியின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். கனம் தூக்கிப் பயிற்சி செய்யச் சொன்னபோது மச்சான் தன் கடை தேக்சாக்களையே தூக்கி இறக்கினார். மூன்றாவது வெள்ளி தொண்ணூற்றெட்டு. அண்ணாதுரை விசில் அடித்தான். நடுவில் ஒருமுறை தொண்ணூற்றைந்திலும் முரண்டு பிடித்தது, ஆனால் யாரும் பயப்படவில்லை. நாலு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு.

ஆப்பரேஷனுக்குச் சில வாரம் முன்னாலேயே ஊசியை நிறுத்திவிட்டார்கள். அந்த ஊசி சாப்பிட்டதை வயிற்றிலேயே நிறுத்திவைக்குமாம், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்கவேண்டுமாம். அன்று காலை எட்டு மணி. பச்சை உடுப்பில் மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அடுத்த கட்டிலில் சைத்தூன். இருவருக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மச்சான் வயிற்றைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு ஆச்சரியம்.

"மச்சான்... பசிக்குது."

"என்னது?"

"நெசமாத்தான். காந்துது மச்சான். ஒரு வருஷமா இல்லாத பசி இன்னிக்குப் பாத்து வருது!"

சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. பசியில்லாதவருக்கு எட்டு வாரம் ஊட்டியவள், பசிக்கிறது என்று அவர் கேட்கிற நாளில் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அழப்போகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் கட்டிலைவிட்டு இறங்கி வந்து அவர் நெற்றியில் கைவைத்தாள். உடம்பு படுத்த இரண்டு வருஷத்தில் நாளைக்கு என்று அவள் எதையும் பேசி நான் கேட்டதில்லை. பெருநாளுக்குத் துணி எடுக்கக்கூட, "பாப்போம், இருந்தா" என்றுதான் சொல்வாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். "வீட்டுக்குப் போனதும் நான் ஆக்கித் தர்றேன்."