என் கண்ணீர் அஞ்சலிக்கு நான் போட்ட டீ

சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம், இங்கே வழி சொல்கிற விதம். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கேட்டால் கோயிலைச் சொல்வார்கள், தேரி மணல்மேட்டைச் சொல்வார்கள். இங்கே கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு ஒருவர், "அந்த செத்துப்போனவர் பேனர் கீது பாரு, அதாண்ட நில்லு" என்றார். போய் நின்றேன். பெரிய மீசையுடன் ஒரு மனிதர் மேகங்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் மீசைக்காரர் போய் வேறொரு அம்மாள் வந்தார். நிறுத்தம் மட்டும் மாறவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதினால் நம்ப மாட்டார்கள். இங்கேயே இருப்பவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும்.

போன மாதம் ஒரு விடியற்காலை, முதல் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக அங்கே போய் நின்றபோது மேகங்களுக்கு நடுவில் நான் இருந்தேன்.

கண்ணீர் அஞ்சலி. செல்வி ரெஜினா. ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறு பக்கம் புறா. தோற்றம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை, என் பிறந்த நாள் அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மறைவு என்ற இடத்தில் முந்தைய நாள் தேதி இருந்தது. கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள் வரிசையாக, 'ஆழ்ந்த வருத்தத்துடன் பி ஷிஃப்ட் நண்பர்கள்'. அவர்களில் ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது.

பக்கத்தில் இட்லி விற்கும் அக்கா என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மா, அச்சு உன்ன மாதிரியே கீது. பாவம், சின்ன வயசு."

"அது நான்தான்க்கா."

"ச்சீ, வாயக் கழுவு! காலங்காத்தால இப்டிலாம் பேசாத. உங்க அக்காவா?"

எவ்வளவு சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று முடிவு கட்டி, இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார். பஸ் வந்துவிட்டது. செத்துப்போனாலும் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போக முடியாதே, ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தப் புகைப்படம் மனதில் பட்டது. அது அம்மாவும் நானும் திருவிழாவில் எடுத்தது. அம்மாவை வெட்டியிருந்தார்கள். ஆனால் என் தோளில் இருந்த அவள் கையை வெட்ட முடியவில்லை, நான்கு விரல்கள் அப்படியே இருந்தன. அந்தப் படம் என்னைத் தவிர ஒருவரிடம்தான் உண்டு. என் அண்ணன் சகாயம்.

அண்ணன் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, சேரப்பணஞ்சேரியில் அறை. என் விடுதியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். ஆனாலும் அப்போது நாங்கள் பேசி ஒரு வருடம் ஆகப்போயிருந்தது. அம்மா இறந்த அன்று நான் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். கம்பெனி கேட்டுக்கே வந்து செக்யூரிட்டியிடம் கெஞ்சியிருக்கிறான். ஷிஃப்ட் முடியாமல் யாரையும் வெளியே கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் பஸ் ஏறிவிட்டான். நான் வெளியே வந்து போனைப் பார்த்து, அழுதுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் காயத் தொடங்கியிருந்தது. "அம்மாவ விட ஒனக்கு ஷிஃப்ட்தானட்டி பெருசாப் போச்சு?" என்று ஊரார் முன்னால் கேட்டான். "ஒரு ராத்திரி வச்சிருந்தா என்ன, அழுகியா போயிருவாவ?" என்று நானும் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத வார்த்தைதான். ஆனால் அவன் கேட்டதும் அப்படித்தானே? அம்மா முகத்தைப் பார்க்காத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். பேசாமல் இருந்தது போதாதென்று கொன்றும் விட்டானே என்று கொதித்துக்கொண்டு போனேன். அவன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேய் அறைந்தவன் மாதிரி நின்றான். அந்த நிலையில் அது பொருத்தம்தான்.

"என்னைய எதுக்குண்ணே கொன்ன?"

"நாளன்னைக்கு அம்மாவுக்கு வருசப் பூசை. வீட்டுல சாவுன்னாத்தான் லீவு தருவான். என்ன செய்யச் சொல்லுத?"

"அதுக்கு நாந்தான் கெடச்சனா?"

"அம்மாவ ரெண்டாவது தடவ சாவடிக்க முடியுமாட்டி? அப்பாவச் சொல்ல வாய் வரல. பேசாம இருக்கவ நீதான்."

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் என்னை அதிகம் எரித்தது. லீவு கேட்டதோடு முடியும் என்று நினைத்திருக்கிறான். லைன் பையன்கள் பாசக்காரர்கள், ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டு, அவன் சுதாரிப்பதற்குள் பேனரே கட்டிவிட்டார்கள். அதை இறக்கச் சொன்னால் வேலை போய்விடும். பதினாறாம் நாள் வரை முகத்தில் ஷால் சுற்றிக்கொண்டு போ என்றான். நான் கத்த வாயைத் திறந்தேன், வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

கறுப்புக் கண்ணாடிகளைக் கழற்றி சட்டையில் செருகிக்கொண்டு பி ஷிஃப்ட் நண்பர்கள் வேலைக்குப் போகும் வழியில் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். அண்ணன் என்னைக் காட்டி, "சித்தி மவ, அச்சு அவள மாரியே இருப்பா" என்றான். நான் அடுப்பில் டீ வைத்தேன். என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அவர்களில் தணிகை என்ற உள்ளூர்ப் பையன்தான் அதிகம் அழுதான். "இன்னாமா பேசுவான் தங்கச்சியப் பத்தி! லைன்ல ஒரு பீஸ் டேமேஜ் ஆச்சுனா, எங்க ரெஜி இருந்தா பாத்த ஒடனே சொல்லிருக்கும்பான். சண்ட போட்டுகினான், அத்த நெனச்சி நெனச்சி அழுவான். 'அம்மாவ இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கணும் மச்சான், ரெஜிய மூஞ்சியப் பாக்க விடாம பண்ணிட்டேன்'னு எத்தினி வாட்டி சொல்லிகீறான்! இப்ப அந்தப் பொண்ணும் போய்ட்ச்சு. மன்னிப்பு கேக்கக்கூட ஆள் இல்ல."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அம்மா போனபோது அழுது தீராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. தணிகை பதறி எழுந்து, "அழாத மா, நீயும் அவனுக்குத் தங்கச்சிதான். நல்லா பாத்துக்குவான்" என்று என்னைத் தேற்றினான். உயிரோடிருக்கும் எவளுக்கும் தன்னைப் பற்றி இப்படியொரு சாட்சி கிடைக்காது. நான் அவனுக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

அவர்கள் போன பிறகு அண்ணன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நீயும் வாரியா?"

"எனக்கு யாரு லீவு தருவா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். குரல் ஏற்கெனவே அழுது கம்மியிருந்ததால் நடிக்கத் தேவைப்படவில்லை. "சார், எங்க அண்ணன் தவறிட்டான்." அவர் உச்சுக் கொட்டி, போயிட்டு வா மா என்றார். கொஞ்ச நேரத்தில் எங்கள் லைன் குரூப்பிலிருந்து, அண்ணன் போட்டோ இருந்தா அனுப்புடி என்று செய்தி வந்தது. போனைத் தூக்கினேன். சகாயம் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு தலையைக் கோதினான்.

"கொஞ்சம் செவப்பா வாற மாரி எடுட்டி."

சிங்கப்பெருமாள் கோவிலில் ஊர் பஸ்ஸைப் பிடித்தோம். மதுராந்தகம் தாண்டும்வரை இரண்டு போன்களும் ஓயவில்லை. மெழுகுவர்த்தியும் கும்பிட்ட கைகளுமாக இரங்கல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அண்ணன் என் போனை எட்டிப் பார்த்தான்.

"எனக்கு எத்தன பேரு போட்டிருக்காவ?"

"ஒன்னய விட எனக்குத்தான் கூட."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட முதல் சில்லறைச் சண்டை அது. எங்களை நினைத்து அழுதவர்கள் எல்லோரும் பின்னால் ஒரகடத்தில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து அழ வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது.