சீசன் முடிய வாறன்

ஆப்பிரிக்காவில் யார் கூடைக்குள் பந்து போடுகிறார்கள் என்பதில் எங்கள் மாமாவின் கல்யாணம் தங்கியிருந்த ஒரு வருடம் இருந்தது. எழுபதுகளின் கடைசி. நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டனில், ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அம்மாவின் ஒரே தம்பியான மாமா சாம்பியாவில் ஒரு செப்புச் சுரங்கத்தில் பொறியியலாளர். அந்தச் சுரங்கத்தின் விளையாட்டுக் கழகத்தில் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். மாமா பெரிய உயரம் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். ஆடினவைக்குத் தண்ணீர் கொடுத்தவர் என்று அப்பா திருத்துவார்.

அந்த வருடம் மாமாவின் அணி சாம்பியாவில் முதலாவதாக வந்து, ஆப்பிரிக்க நாட்டுக் கழகங்கள் எல்லாம் மோதும் போட்டிக்குத் தெரிவாகிவிட்டது. ஒரு நாட்டுக்கு ஒரு கழகம். ஒரு ஆட்டம் இவர்கள் ஊரில், ஒரு ஆட்டம் அவர்கள் ஊரில். தோற்றவர்கள் பெட்டியைக் கட்டலாம். வென்றவர்கள் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறலாம். விமானத்துக்கும் விசாவுக்கும் காத்திருந்து காத்திருந்தே போட்டி மாதக்கணக்கில் இழுபட்டது.

அதே வருடம்தான் மாமாவுக்குச் சிட்னியில் ஒரு சம்பந்தம் சரிவந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த குடும்பம். பெண்ணுக்கு வெஸ்ட்மீடில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. படங்கள் கைமாறின. சாதகங்கள் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிடம் போய்ப் பொருந்தி வந்தன. வியாழன் மாறுவதற்கு முன்னம் தாலி ஏறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் சாத்திரியாரின் நிபந்தனை. அம்மா சாம்பியாவுக்குத் தொலைபேசி எடுத்து, இரைச்சலுக்குள் கத்திக் கத்திச் செய்தியைச் சொன்னார். மறுமுனையிலிருந்து இரைச்சல் மட்டும்தான் வந்தது. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று அம்மா ரிசீவரைத் தட்டிப் பார்த்தார்.

“ஓம் அக்கா. உங்களுக்கு விருப்பம் எண்டால் எனக்கும் ஓம்தான்,” என்றது மாமாவின் குரல். “சீசன் முடிய வாறன்.”

சீசன் எப்போது முடியும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட் மாதிரி வெயில் போக முடிந்துவிடும் என்று அப்பா நினைத்தார். அம்மாவுக்குத் தெரிந்த சீசன் மாம்பழத்துடையது மட்டும்தான். தோற்றால்தான் முடியும், வென்றால் முடியாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையான நான் அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்து வீட்டு மொரீஷியஸ் அங்கிளால். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த அவருடைய பரம்பரை தமிழ்ப் பரம்பரை. ஆனால் தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘முருகா’ ஒன்றுதான். அதையும் கதிரையை விட்டு எழும்பும்போது முழங்கால் நொந்தால் மட்டும் சொல்வார். மிச்சமெல்லாம் பிரெஞ்சு, அல்லது பிரெஞ்சு மாதிரி ஒலிக்கும் ஆங்கிலம். விடியற்காலையில் கராஜில் உட்கார்ந்து கோப்பி குடித்தபடி, சிற்றலை வானொலியில் ஆப்பிரிக்கச் செய்திகளைப் பிரெஞ்சில் கேட்பது அவர் பழக்கம். நான் பள்ளிக்கூடச் சீருடையோடு வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் இருப்பேன். யார் யாரை வென்றார்கள் என்று அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நெட்போல்தான் இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் விசில் ஊதிவிடுவார்கள். அதனாலோ என்னவோ, தட்டிக்கொண்டு ஓடலாம் என்கிற அந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

அம்மா சமைக்கிற குசினிச் சுவரில் ஆப்பிரிக்க வரைபடம் ஒன்றை ஒட்டினேன். மாமாவின் அணி முதலில் கென்யாக் கழகத்தை வென்றது. வானொலியும் சொன்னது, மாமாவின் தந்தியும் வந்தது. கென்யாவுக்குப் பச்சை நிறம் தீட்டினேன். அம்மாவின் முகம்தான் அவ்வளவு பச்சையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்னியிலிருந்து தொலைபேசி வரும். பெரியவர்கள் தை மாதம், மண்டபம், ஐயர் என்று பேசி முடித்த பிறகு பெண் என்னைக் கேட்டு எடுப்பார். அவரை இப்போதே மாமி என்று கூப்பிட்டுப் பழகு என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். மாமி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து நூலகத்தில் கூடைப்பந்து விதிகள் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். பந்தோடு எத்தனை அடி வைக்கலாம், எந்த எறிக்கு என்ன புள்ளி, தள்ளி விழுத்தினால் என்ன தண்டனை என்று என்னோடு சரிபார்ப்பார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் விளையாட்டைப் பற்றி மனிதத்தனமாகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பது என் முடிவு. வென்றார்கள் என்று நான் சொல்லும்போது அவர் முதலில், அப்ப இன்னும் ஆட்டம் இருக்கு என்ன என்று கேட்டுவிட்டு, “சந்தோசம்,” என்பார்.

அம்மாவுக்கோ பொறுமை போய்விட்டது. வியாழன் மாமாவின் சீசனுக்காக நின்றுவிடப் போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குசினித் தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, அம்மா சத்தமாகவே நேர்த்தி வைத்தார். தம்பியின்ர ஆக்கள் தோற்க வேணும். தோற்றால் உனக்குச் சிதறு தேங்காய் அடிப்பன். நானும் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் வெல்ல வேண்டும் பிள்ளையாரே என்று மனதுக்குள் மன்றாடினேன். ஒரே குசினியில், ஒரே விளக்கின் முன்னால், ஒரே பிள்ளையாருக்குத் தாயும் மகளும் எதிரெதிர் மனுப் போட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

அடுத்தது மொசாம்பிக். அந்த நாட்டவர்கள் போர்த்துக்கேய மொழி பேசுவார்கள் என்றும், எங்கள் வீட்டுக் கதிரையும் குசினியும் அந்த மொழி தந்த சொற்கள்தான் என்றும் அப்பா சாப்பாட்டு மேசையில் விரிவுரை வைத்தார். வானொலியில் அந்தக் கிழமை இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தந்தி வந்துவிட்டது. வென்றுவிட்டார்களாம், அடுத்தது கெய்ரோவாம், பயணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுக்குமாம், சீசன் முடிய வருகிறாராம். நான் மொசாம்பிக்கையும் பச்சையாக்கினேன். என்னுடைய மனுவுக்குத்தான் பிள்ளையார் செவி சாய்த்தார் என்ற பெருமை வேறு.

சிட்னியில் மண்டபத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். பெண்ணின் தகப்பனுடைய குரல் கொஞ்சம் இறுகிவிட்டது என்று அப்பா சொன்னார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை மொரீஷியஸ் அங்கிள் வானொலியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், கோப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெய்ரோக் கழகத்தோடு ஆடுவதற்கு மொசாம்பிக் கழகம் போய் இறங்கியிருக்கிறதாம். போன மாதம் சாம்பியாக்காரரை இரண்டு ஆட்டத்திலும் வென்ற அதே கழகம். உன்னுடைய அங்கிளின் ஆட்கள் வீட்டுக்குப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டதே என்றார். இன்னொரு தடவை கேளுங்கள் என்று கெஞ்சினேன். வானொலியை இன்னொரு தடவை சொல்ல வைக்க முடியாது என்றார்.

வேலியால் ஏறிக் குதித்துப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் சொதியைத் துழாவிக்கொண்டு நின்றார். துழாவல் நிற்கவில்லை. எந்த மாதம் என்று கேட்டார். போன மாதம் என்றேன். மாமா பிழையாக விளங்கிக்கொண்டிருப்பார், தோற்றது தெரியாமல் இருந்திருக்கும் என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது, போ என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சந்தைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தார். மெல்பேர்னில் அந்தக் காலத்தில் தேங்காய் வாங்குவது அதிர்ஷ்டச் சீட்டு எடுப்பது போல, பாதி அழுகியிருக்கும். பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே இருந்த சீமெந்தில், ஒவ்வொன்றாக ஓங்கி அடித்தார். சில்லுகள் புல் முழுக்கப் பறந்தன. அவற்றைத் தூக்க மக்பைப் பறவைகள் வந்து சண்டை போட்டன. எங்கள் ஆட்கள் தோற்றதற்குத் தேங்காய் அடிப்பதில் எனக்குச் சரியான கோபம். ஏனம்மா என்று கேட்டேன்.

“கேட்டதை அவர் தந்திட்டார். சொன்னதை நான் குடுக்கத்தானே வேணும்,” என்றார் அம்மா.

இனி மாமா வந்துவிடுவார்தானே, அழுகிற மாதிரி ஏன் முகத்தை வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். அம்மா குனிந்து, அழுகாத சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்ச் சம்பல்தான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சிட்னியிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா எடுத்துச் சுகம் விசாரித்தார். தம்பியின் விளையாட்டு விசயமெல்லாம் எனக்கு விளங்காது, இவளிட்டைக் கேளும் பிள்ளை என்று சொல்லி ரிசீவரை என் கையில் தந்தார். மற்ற நாட்களில் நான் பேசி முடியும் வரை பக்கத்திலேயே நின்று, பில் ஏறுது என்று விரலால் சைகை காட்டுகிறவர், அன்று உடுப்பெடுக்க வேணும் என்று பின்வளவுக்குப் போய்விட்டார். கம்பியில் அன்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. குசினி யன்னலால் பார்க்கும்போது, வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார்.

“அடுத்த ஆட்டம் எப்ப?” என்று மாமி கேட்டார்.

வானொலியில் வந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். கெய்ரோவுக்குப் போனது மொசாம்பிக்காரர், மாமாவின் ஆட்கள் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டார்கள், சுவர்ப் படத்தில் பச்சையை அழிக்க முடியாமல் மேலே சிவப்புத் தீட்டினேன், இப்போது மொசாம்பிக் மண்ணிறமாகக் கிடக்கிறது. விளையாட்டுத் தெரிந்த இரண்டு பேர் ஒரு தோல்வியைப் பற்றிப் பேசுகிற தோரணை எனக்கு.

“எப்ப தோத்தவை?”

போன மாதம் என்றேன்.

“அப்ப அவர் போன மாசத்தில இருந்து சும்மாதான் இருக்கிறார்.”

“ஓம் மாமி. ஆனா பிராக்டிஸ் இருக்கும்தானே,” என்று மாமாவுக்காகப் பேசினேன்.

மறுபக்கத்தில் மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இருக்கும், இருக்கும் என்றார். வடிவாக விளங்கப்படுத்தினதற்கு எனக்கு நன்றி சொன்னார்.

“இனி என்னை அக்கா எண்டே கூப்பிடுங்கோ, என்ன?”

அம்மாவைத் தரச் சொல்லிக் கேட்காமலே வைத்துவிட்டார். மாமி என்றால் வயது போன மாதிரி இருக்கிறது, அதுதான் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை பெண்ணின் தகப்பன் எடுத்தார். சாதகத்தை வேறொருவரிடம் காட்டியதில் செவ்வாய் பிழையான இடத்தில் இருக்கிறதாம், மன்னிக்க வேண்டுமாம். அப்பாவுக்கு வந்த கோபம் முழுவதும் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரின் தலையில் விழுந்தது. சம்பந்தம் குழம்பிய செய்தி சாம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்த உடனேயே மாமாவின் அணி தோற்றுவிட்டது. கெய்ரோவில் தோற்றோம், சீசன் முடிந்தது என்று தந்தி. இனி வரலாம்தானே என்று நான் சொன்னதற்கு, அம்மா தந்தியை மடித்து, ஆடுகிற குசினி மேசையின் கால் ஒன்றுக்குக் கீழே வைத்தார்.

மாமா நாலைந்து வருடம் கழித்து வரத்தான் வந்தார், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும். மூத்தவனுக்கு என் தோளளவு உயரம் இருந்தது. இந்த மாமி சாம்பியாக்காரி, அந்தக் கழகத்தின் பெண்கள் அணியில் ஆடியவர். விமான நிலையத்தில் அவரைப் பார்க்க அம்மாவுக்குக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. பிறகு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தம்பியோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. சம்பந்தம் குழம்பிக் கொஞ்ச நாளில் சிட்னியிலிருந்து எனக்கொரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கூடைப்பந்து. புதுத் தோல், கடையின் மணம் போகவில்லை. பெட்டியின் மூடியில் முன்பு சுற்றியிருந்த தங்க நிறப் பரிசுத் தாளின் துண்டுகள் ஒட்டுநாடாவோடு மிச்சம் இருந்தன. வீடு முழுக்கத் துள்ளினேன். ஆனால் தட்டிப் பார்த்தபோது பந்து என் கைக்கு அடங்கவில்லை. மொரீஷியஸ் அங்கிள் வாங்கிப் பார்த்துவிட்டு, இது வளர்ந்த ஆண்கள் ஆடுகிற பந்து, சிறுபிள்ளைக்கு வாங்கினது மாதிரித் தெரியவில்லையே என்றார். நூலகத்துப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்த சிட்னி அக்காவுக்குப் பந்தின் அளவு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.