மழைக்காலத்துக்கு எடுத்துவைத்த மருந்து

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் எங்கள் தொழிற்சாலையின் தோட்ட வேலை பாதியில் நின்றது. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கண்ணில் படுகிற முன்பக்கத்துக்குப் புல் விரித்தாயிற்று. பின்பக்கத்தைப் பொங்கலுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மீந்த சாமான்களை மழை முடியும்வரை எங்கேயாவது பத்திரமாக எடுத்துவைப்பது என் வேலையாயிற்று.

நான் அங்கே நிர்வாகப் பிரிவில் இருந்தேன். கேன்டீன், பஸ், துப்புரவு, தோட்டம் எல்லாம் எங்கள் பிரிவுதான். ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் தண்ணீர் விட வேண்டும் என்பது மட்டும்தான். தெரிந்தவர் தோட்டக்கார அக்கா. ஐம்பது வயதை ஒட்டிய பெண். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று பெயரே தவிர, ஐந்து வருடமாக அந்த வளாகத்தில் ஒவ்வொரு செடியும் அவர் கையால் வைத்தது.

கேன்டீனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பழைய கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. இரண்டு நாள் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சுமந்து கொண்டுபோய் அடுக்கினார்கள். தென்னை நார்க் கழிவு மூட்டைகள், மண்புழு உரம், யூரியா, கூழாங்கல், பச்சை நிழல்வலைச் சுருள், மண்ணோடு வெட்டிவந்து விரிக்காமல் மீந்த புல் கட்டிகள், பாதி தீர்ந்த ஒரு ஐந்து லிட்டர் கேன் களைக்கொல்லி. மூட்டைகள் தரையில் படக்கூடாது, மரப் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள் என்று நான் சொன்னேன். அலுவலகத்தில் ஏதோ ஒரு படிவத்தில் படித்தது. அக்கா ஏற்கெனவே பலகைகளைப் போட்டு முடித்திருந்தார். "போட்டாச்சி மேடம்," என்று மட்டும் சொன்னார்.

புல் கட்டிகளை உள்ளே வைக்க அவர் விடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மணலைக் கொட்டி, அதன் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். உயிருள்ளது, அதை மூட்டையோடு சேர்த்து அடுக்க முடியாது என்றார். நான் சாமான் பட்டியலை அச்செடுத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். ஆங்கிலத்தில்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. வேலைக்கு வரும் பஸ்கள் தண்ணீரில் நின்றன. நான் காலை ஆறு மணியிலிருந்து போனில் பஸ் டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூரை ஒழுகுகிறது என்று ஆரம்பித்தார். அதுவரை கேட்டுவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். மறுபடி பஸ் டிரைவரைக் கூப்பிட்டேன்.

கூரை ஒழுகியதில் கொட்டகையின் மின்சாரம் போய்விட்டது. அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயது, மனைவியை ஊரில் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மழை விட்டு வெயில் அடித்த மதியம் அது. தகரத்துக்குக் கீழே புழுங்கித் தள்ளியிருக்கிறது. ஏணியில் ஒன்றரை மணி நேரம் நின்றவர் இறங்கிவந்து தண்ணீர் தேடியிருக்கிறார். யூரியா மூட்டைமேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு இருந்தன. ஒன்றைத் திறந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

அவர் துப்பிக்கொண்டே வெளியே ஓடிவந்ததை முதலில் பார்த்தது அக்காதான். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாயை மறுபடி மறுபடி கொப்பளிக்க வைத்தார். எனக்குப் போன் வந்து நான் ஓடியபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. நானும் அக்காவும் ஏறிக்கொண்டோம். அவர் கையில் ஒரு பழைய கேன் இருந்தது. அடியில் விரிசல் விட்ட வெற்றுக் கேன். இந்த நேரத்தில் இது எதற்கு என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. அக்கா கேனை நீட்டினார். டாக்டர் அதன் லேபிளைப் படித்து, உடனே ஆகவேண்டியதைச் சொன்னார். விழுங்கியது ஒரு மடக்குக்கும் குறைவு, மறுநாள் சாயங்காலம்வரை வைத்துப் பார்ப்போம், பயப்பட வேண்டாம் என்றார்.

வராந்தாவில் அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாந்தான் மேடம் பாட்டில்ல ஊத்தி வச்சேன்," என்றார்.

"ஏங்க்கா?"

"அதான் சொன்னனே."

எப்போது சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் என் மேலாளர் போனில் வந்துவிட்டார். யார் ஊற்றி வைத்தது என்று கேட்டார். சொன்னேன். "அப்ப வேலை முடிஞ்சுது. ரிப்போர்ட்ல அத எழுதுங்க. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி ஆள மாத்திடலாம்," என்றார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில், அந்தக் குரல் செய்தியை முதலிலிருந்து கேட்டேன்.

"மேடம், கூர ஒழுவுது. அது பரவால்ல, நா தார்பாய போட்டுக்கினேன். அந்த மருந்து கேன் கீதில்ல, அது அடியில வுட்டுப் போச்சி. சொட்டிக்கினே கீது. உரத்து மேல வழியுது. கீழ கொட்டிடலாம்னா மனசு வரல மேடம். நம்ம கால்வா நேரா ஏரிக்குதான் போவுது, அங்க மாடு தண்ணி குடிக்கும், கொயந்தைங்க எறங்கும். அதான் ரெண்டு பாட்டில்ல ஊத்தி வச்சிகினு கீறேன். மருந்துன்னு தெரியறதுக்கு செவப்புத் துணி கட்டி வச்சிட்டேன். நீங்க ஒரு கேன் குடுத்தீங்கன்னா மாத்திடுவேன். ஒரு பூட்டும் குடுங்க மேடம், கொட்டாயி தொறந்தே கெடக்குது. மறந்துடாதீங்க."

அதற்குக் கீழே என் கட்டைவிரல் படம் இருந்தது. அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

மணிமங்கலம் தாண்டும்வரை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் என்னைப் பார்த்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அக்காவின் போனிலும் அது இருக்குமே என்பதுதான் அடுத்து வந்த நினைப்பு. அதற்கும் அடுத்துதான் வெட்கம் வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் எது தவறினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுத வேண்டும். மறுநாள் காலை அதை நிரப்பினேன். ஏன் குடித்தார்? தண்ணீர் பாட்டிலில் களைக்கொல்லி இருந்தது. ஏன் பாட்டிலில் ஊற்றினார்கள்? கேன் உடைந்துவிட்டது. ஏன் வேறு கேன் இல்லை? கேட்டார், கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? கேட்ட செய்தியை நான் முழுதாகக் கேட்கவில்லை. ஐந்தாவது ஏனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், வேறு வேலையாக இருந்தேன் என்று எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"இத எழுதினா உங்க மேலயும் வரும். தெரியுதா?"

"தெரியும் சார்."

"அந்தம்மா தண்ணி பாட்டில்ல ஊத்தினதும் தப்புதானே?"

"தப்புதான் சார். நான் கேன் குடுத்திருந்தா ஊத்தியிருக்க மாட்டாங்க."

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஆனால் அதற்குள் ஒப்பந்தக்காரர் தம் பங்குக்கு அக்காவை நிறுத்திவிட்டார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் தினமும் அவருக்குப் போன் செய்தேன். பார்க்கிறேன் மேடம், பார்க்கிறேன் மேடம் என்றார்.

எலக்ட்ரீஷியன் மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார். தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, வேறொன்றும் இல்லை. பாட்டிலில் சிவப்புத் துணி கட்டியிருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன் மேடம். லைன்ல எல்லாரும் பாட்டில் மாறிப்போவக்கூடாதுன்னு நூலு, டேப்புன்னு சுத்தி வப்பாவல்லா. அதுமாதிரி அக்கா தன் பாட்டிலுக்கு அடையாளம் கட்டிருக்குன்னுல்லா நெனச்சேன். அக்கா தண்ணிதானே, ஒரு வாய் குடிச்சா என்னன்னு எடுத்தேன்," என்றார். பிறகு, "அவியள நிப்பாட்டிட்டாவளாமே. அவிய அந்தக் கேன கொண்டாந்தாவல்லா. அதனாலதான் என்ன மருந்துன்னு ஒடனே தெரிஞ்சுதுன்னு டாக்டரே சொன்னாரு," என்றார். கோபம் அவர் பேச்சில் எங்கும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி. இரண்டு அறை வீடு. வாசலில் பெயின்ட் டப்பாக்களில் செடிகள். அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். படிவத்தில் என்ன எழுதினேன், மேலாளரிடம் என்ன சொன்னேன் என்று ஒன்றுவிடாமல். சொல்லச் சொல்ல, அவர் என்னிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

"நீ எழுதனது சரிதாம்மா," என்றார் அக்கா. அதுவரை அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "ஆனா பாரு, நா வூட்ல குந்திகினு கீறேன். நீ வேலைக்குப் போயிகினுதான கீற."

அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் புல்லு இன்னாச்சி?" என்று கேட்டார்.

பெருமழை வரும் என்று, அக்காவுக்குப் பதிலாக வந்த ஆள் அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டிருந்தார். நான்கு நாளாயிற்று. அதை நான் நல்ல காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னதும் அக்காவின் முகம் மாறிப்போனது.

"மூடனா வெந்துடும்மா. மழ அதுக்கு ஒன்னியும் பண்ணாது. காத்து வோணும். நாளைக்குப் போனதும் மொதல்ல தொறந்து வுடு. அழுவனத மட்டும் பிச்சிப் போட்டுடு, மத்தத தொடாத."

மறுநாள் காலை ஷிப்ட் பஸ் வந்து நின்றதும் நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். கூப்பிட்டதும் வந்த எலக்ட்ரீஷியன் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தூக்கியதும் சூடான நாற்றம் முகத்தில் அடித்தது. நடுவில் இருந்தவை மஞ்சளாகிக் குழைந்துபோயிருந்தன. ஓரத்தில் இருந்தவை பச்சையாகவே இருந்தன. இருவரும் குந்தி உட்கார்ந்து அழுகியதைப் பிய்த்துப் போட்டோம். என் அடையாள அட்டை சேற்றில் இழுபட்டது. அன்று மதியம் கொட்டகைக்கு ஒரு பூட்டும், மூடியோடு மூன்று கேன்களும் வாங்க நானே ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, மண்டையோட்டுப் படம் போட்ட ஸ்டிக்கர் கொண்டுவந்து ஒட்டினார். அடியில் 'விஷம்' என்று தமிழில் பெரிதாக எழுதியிருந்தது.

நிறுத்திய பதினோராம் நாள் அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் வந்ததும் பிழைத்த புல்லை இடம்விட்டு மாற்றிப் பரப்பினார். தை மாதம் பின்பக்க வேலை ஆரம்பித்தபோது பாதிப் பரப்புக்கு அது போதுமானதாக இருந்தது. மீதிக்குப் புதிதாக வாங்கினோம். நார்க் கழிவு நனைந்து கட்டியாகியிருந்தது, உதிர்த்துப் போட்டுக்கொண்டார்கள். யூரியா ஒரு மூட்டை கரைந்தே போயிருந்தது.

களைக்கொல்லியை மட்டும் தொடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். மேலாளர் வற்புறுத்தவில்லை. அபாயக் கழிவு எடுத்துப்போகும் வண்டியில் அதை ஏற்றி அனுப்பினோம். அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் களையைக் கையால்தான் பிடுங்கினார்கள், மாசத்துக்கு நாலு நாள், நாலு பெண்கள். கூட ஒரு ஆளைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அக்கா என்னை மறுபடி மேடம் என்றே கூப்பிட ஆரம்பித்தார். வேலை இடத்தில் அப்படித்தான் கூப்பிட முடியும், அது எனக்கும் தெரியும். ஏதாவது வேண்டுமென்றால் இப்போதெல்லாம் போனில் சொல்வதில்லை. மண் ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நேரே என் மேசைக்கு வந்து நின்று, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் போவார்.