செத்த சாமுராய் எழும்பிய கதை

எனக்கு ஜப்பான் மொழி வாசிக்கத் தெரியும். பொய். தமிழையே எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்தவன் நான். ஆனால் தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், இந்தப் பொய்யை வாய் கூசாமல் சொன்னேன். காரணம் ஒரு தடித்த படக்கதைப் புத்தகம். ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய ரைஸ் குக்கருக்குள் அது கிடந்தது. வாளும் குடுமியுமாக ஒரு சாமுராய், கிமோனோ உடுத்த ஒரு பெண், பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு. எழுத்தெல்லாம் எனக்குக் குச்சி அடுக்கியது போலத்தான் தெரிந்தது.

அங்கே என்னோடு பிஸ்கட் பெட்டி கட்டிய அக்கா அப்போது சிரிப்பதையே விட்டிருந்தார். புருஷன் கொழும்பில், அவருக்கு விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது. இனி முயல வேண்டாம், நானே திரும்பி வருகிறேன் என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். தபாலில் போடத்தான் மனம் வரவில்லை.

"உவன் ஆரடா, வாளோட?" என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"சாமுராய் அக்கா. உவள் அவன்ர ஆள்."

"உனக்கு உது வாசிக்கத் தெரியுமே?"

"ஓம், கொஞ்சம் பழக்கம்."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதைதான். தொடக்கத்திலேயே அந்தப் பெண் ஒரு கல்லறையருகே நின்று அழுதாள். அடுத்து அவன் பனியில் விழுந்து கிடந்தான். "செத்திட்டானோ?" என்றார் அக்கா. நாலு பக்கம் தள்ளினால் வாளோடு நிற்கிறான். "காயம்தான் அக்கா, நல்ல மருந்து," என்றேன். போகப் போக இருவருக்கும் வயது குறைந்தது. "சந்தோஷம் வந்தா முகம் தெளியும்தானே," என்று அதையும் சமாளித்தேன். கடைசியில் மழை, ஒரு பாலத்தில் அவன் அவளுக்குக் குடையை நீட்டுகிறான். "வந்து சேர்ந்திட்டான்," என்று அக்கா கண்ணைத் துடைத்தார். மறுநாள் கடிதத்தைக் கிழித்துவிட்டதாகவும், மூன்றாம் தரமும் விசாவுக்குப் போடப் போவதாகவும் சொன்னார்.

இப்போது என் மகள் இப்படியான புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து சரளமாகப் புரட்டுகிறாள். அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. பிறகு வேலைக்கு வந்த ஜப்பான் மாணவி ஒருத்திதான், நான் புரட்டுவதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு விளக்கினாள். ஜப்பான் புத்தகத்தை வலமிருந்துதான் திறக்க வேண்டுமாம்; நான் தொடங்கிய இடம்தான் முடிவு. குடை, காதல், போர், கல்லறை, அதுதான் ஒழுங்கு. எழுதியவர் சாகடித்த ஆளை நான் பிஸ்கட் தின்றபடி எழுப்பியிருக்கிறேன். பெருமைப்பட்டிருக்கலாம், ஆனால் அக்கா அதற்குள் விசாவுக்குப் போட்டிருந்தார். விசா கிடைத்ததும் அக்காவிடம் சொல்வோம் என்று தள்ளிப் போட்டேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை.

கிடைத்தது. முன்பு விட்டுப்போன ஒரு தாளை இம்முறை சேர்த்து அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். அத்தான் வந்திறங்கிய கிழமையே அவர்களுடைய வீட்டில் எனக்குச் சாப்பாடு. "தம்பியிட்ட அந்தக் கதையைக் கேளுங்கோ. அதைக் கேட்டுத்தான் நான் மூண்டாம் தரம் போட்டனான்," என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தரமாவது உண்மையாக இருப்போம் என்று, கையோடு கொண்டுபோன புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து திறந்தேன். பாலம் தாண்டி, போர் தாண்டி, பனி கொட்டும் பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

"பிறகு? அவளிட்டத் திரும்பி வாறானோ?" என்றார் அத்தான்.

வாயைத் திறந்தேன்.

"டேய், கதைச்சது காணும்! இடியப்பம் ஆறுது, ரெண்டு பேரும் எழும்பி வாங்கோ!"