வட்டக் கிணற்று நீச்சல்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் ஆசை வந்தது. விடியும் முன் சங்ககிரி வரை சைக்கிள் மிதிப்பேன். வேலை முடிந்து, கை கடுக்கக் கடுக்க எங்கள் தோட்டத்து வட்டக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நீந்துவேன்.

ஏரியில் நடந்த முதல் இரண்டு போட்டியிலும் நேரம் கடந்துவிட்டது என்று தண்ணீரிலிருந்தே என்னை வெளியேற்றினார்கள். நீந்தும் வழியைக் காட்ட வைத்த மிதவை நகர்ந்துவிட்டது என்று, கரையில் நேரம் குறித்த பெண்ணைக் கண்டபடி திட்டினேன். ஓட்டாத சைக்கிளோடு ஊர் திரும்பினேன்.

மூன்றாவது முறையும் பாதியில் கை ஓய்ந்து மிதந்தேன். காவலுக்கு வந்த பரிசல்காரர் நெருங்கினார்.

“ஏனுங்க சாமி, கெணத்துல நீச்சல் பழகுனீங்களா?”

“ஆமாங்க. எப்படித் தெரியும்?”

“எடது பக்கமாவே வளைஞ்சு போறீங்க. அப்பப்பத் தலையத் தூக்கி மிதவையப் பாருங்க.”

பார்த்தேன். மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது.

கடைசி ஆளாகக் கரையேறியபோது என் சைக்கிள் மட்டும் நின்றது. பக்கத்தில் அதே பெண்.

“போங்கண்ணா, இன்னும் நேரமிருக்குதுங்க.”

மன்னிப்புக் கேட்க நின்றால் நேரம் போய்விடும் என்று ஏறி மிதித்தேன். ஓடி முடித்துத் தேடியபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

போட்டியை முடித்தவர்கள் எல்லாருக்கும் தந்த பதக்கம் பட்டறையில் தொங்குகிறது. அதைப் பற்றி யார் கேட்டாலும் பரிசல்காரர் கதையைத்தான் சொல்வேன். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வது இதுதான் முதல் முறை.