பதினேழாம் பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். மூக்கில் மட்டும் இருந்திருந்தால் தேவலை. ஒரே நாள் காலையில் ஒரு மந்திரவாதியின் கழுத்தை அறுத்தேன், ஒரு நண்பனின் பல்லை உடைத்தேன். இரண்டும் நடந்தது கள்ளக்குறிச்சியில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. சின்னசேலம் போகிற சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரி எரிகிறது என்று பேச்சு. தடியடியில் என் அண்ணன் மண்டை உடைந்து, தையல் போட்டுப் படுத்திருந்தான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பா ஒரே பாட்டைப் பாடினார். "நமக்கு வர்றத வேற எவனோ தின்னுக்கினு போறான். இன்னொருத்தன் கைக்குப் போச்சுன்னா நமக்கு இல்லன்னு அர்த்தம், ஆமா." கேட்டுக் கேட்டு எனக்கும் பல்லைக் கடிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

காலேஜ் மூடியிருந்தது. மாடியில் நாங்கள் மூன்று பேர், ஒரே வகுப்பு. இன்ஸ்டிட்யூட்காரர் மகன் ஒருவன், நான் ஒருவன். மூன்றாமவன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் இருந்து வந்து, பழங்குடி ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். அவன் ஊரில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். மலைக்கு பஸ் இல்லாததால் மாட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்டிட்யூட்காரர் மகனுக்கு சிங்கப்பூர் மாமா ஒரு ஜெராக்ஸ் கட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். குகை, பேய், புதையல் எல்லாம் வருகிற ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம். பலகை கிடையாது. ஒருவன் நடுவராக இருந்து குகையைச் சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். லூடோ கட்டை போதாத இடத்தில் டம்ளரில் சீட்டுக் குலுக்கினோம். அவன் நடுவர். நாங்கள் இருவருமே மந்திரவாதிகள்.

அந்த விளையாட்டில் மந்திரவாதி பிழைப்பு பாவப்பட்ட பிழைப்பு. கையில் ஒரு புத்தகம். காலையில் எழுந்ததும் அதைப் படித்து மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னால் மறந்துபோகும், மறுநாள் மறுபடி படிக்க வேண்டும். என் புத்தகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, தூங்க வைக்கும் மந்திரம். எதிரே வருகிற கூட்டத்தைத் தூங்க வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுத்தறுப்பேன். அந்த வாரத்தில் எத்தனை அறுத்தேன் என்று கணக்கே இல்லை, அறுக்க அறுக்க நன்றாகவும் இருந்தது. மலைக்காரனிடம் இருந்தது அம்பு மந்திரம். குறி தப்பாது. நாற்பது பக்க நோட்டில் அழகாக எழுதி, பக்கத்தில் அம்பும் வரைந்திருந்தான். அது எனக்கு வேண்டும். வேறு எதுவும் அந்த வாரம் எனக்கு அப்படி வேண்டியிருக்கவில்லை.

புது மந்திரத்தை எப்படிக் கற்பது? பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி, புதையலில் கிடைக்கும் காகிதச் சுருளில் இருக்கிற மந்திரத்தை நம் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் சுருளில் உள்ள எழுத்து அழிந்துவிடும் என்று சொன்னது. பதினேழாம் பக்கம் ஜெராக்ஸ் கட்டில் இல்லை.

"அப்ப புத்தகத்துக்கும் அதேதான்" என்றான் நடுவன். "ஒருத்தன் எழுதிக்கினா இன்னொருத்தனுக்கு அழிஞ்சிடும். எவன் குடுப்பான்? கொன்னுதான் எடுக்கணும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டில் அப்பா சொன்னதும் அதைத்தானே.

ஐந்தாம் நாள், குகைக்குள் பொழுது விடிகிறது என்றான் நடுவன். மலைக்காரன் முந்தைய நாளே அம்பை விட்டுவிட்டான். இனி புத்தகத்தைப் படித்தால்தான் மந்திரம். அதுவரை வெறுங்கை. என் மந்திரம் செலவாகாமல் இருந்தது.

"நீ இன்னா செய்யற?" என்று நடுவன் என்னைக் கேட்டான்.

"இவன தூங்க வைக்கிறேன்."

மலைக்காரன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். கட்டையை உருட்டினேன். அவன் மந்திரவாதி தூங்கிவிட்டான்.

"கத்திய எடுத்து கழுத்த அறுக்கிறேன். முழுசா."

சொல்லிவிட்டு, எதிரே கிடந்த அவன் நோட்டை என் பக்கம் இழுத்தேன்.

"கேட்டுட்டாவது எடுத்திருக்கலாமேடா" என்றான் அவன், மெதுவாக.

அவன் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கியது, வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "நீ எங்களக் கேட்டுக்கினா எங்க சீட்ட எடுத்த? எங்களுக்கு வரவேண்டிய சீட்லதான ஒக்காந்து படிக்கிற" என்றேன். எனக்கும் அதே காலேஜில், அதே வகுப்பில் சீட்டு இருந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

அவன் எழுந்து என் நெஞ்சில் குத்தினான். நான் டைப்ரைட்டரின் தகர மூடியைத் தூக்கி அவன் வாயில் அடித்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. முன்பல் ஒன்று தெறித்துச் சீட்டுகளுக்கு நடுவே விழுந்தது. ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. நடுவன் என் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நான்காவது அடியும் விழுந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டாகக்கூட இல்லை.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி, கச்சிராயபாளையம் சாலையில் மலையைப் பார்த்து நடந்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், இறங்கிப் போகவில்லை. அந்தச் சாலையிலும் மரம் வெட்டிப் போட்டிருந்தது. அங்கே நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து, போலீஸ் அடித்துவிட்டது என்று நினைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, துண்டால் வாயைக் கட்டி, மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்களாம். நடுவன் பின்னால் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான். அவனை அடித்தவன் நண்பன் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவனும் சொல்லவில்லை.

மறியல் முடிந்தது, மலைக்கு பஸ் ஓடியது. அவன் வரவில்லை. பரீட்சைக்கும் வரவில்லை.

பல வருஷம் கழித்து, சென்னையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதே விதிப் புத்தகம் முழுசாகக் கிடைத்தது. நடைபாதையில் நின்றபடியே பதினேழாம் பக்கத்தைப் புரட்டினேன். அழிவது சுருளில் மட்டும்தான். இன்னொரு மந்திரவாதி சம்மதித்தால் அவர் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், அவருடைய மந்திரம் அவருக்கு அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கிழித்து, அன்று என்னிடமே தங்கிவிட்ட அவனுடைய நோட்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். விசாரித்துப் போனபோது களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான். "வாப்பா, ஒக்காரு" என்றான். முன்பல் இடம் காலியாகவே இருந்தது. நோட்டை வாங்கிக் களத்தோரம் வைத்துவிட்டு, பக்கத்தை நிதானமாகப் படித்தான்.

"மன்னிச்சுடு. அந்தப் பக்கம் இருந்திருந்தா ஒன்ன அடிச்சிருக்க மாட்டேன்" என்றேன்.

"பல்லு போனதுக்காக நான் வராம போகல" என்றான். "கட்டுப் போட்டுக்கினு பரீட்சைக்கு வந்திருப்பேன். ஒங்க சீட்டுன்னு சொன்ன பாரு, அதான் வரல."

அவன் சாமையை முறத்தில் அள்ளிக்கொண்டே கேட்டான்.

"அப்புறம் அந்த சீட்டுல ஒங்காளுங்க யாருனா வந்து ஒக்காந்தாங்களா?"

"இல்ல" என்றேன். "காலியாவே கெடந்துச்சு."