பக்கத்தில் ஒரு தூக்கம்

கண்காட்சி அழைப்பிதழ் அவளை இப்படி அறிமுகப்படுத்தியது: “தனிமையில் மட்டுமே வரையும் ஓவியர்.”

கணவர் ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் தனிமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நாளை திறக்கும் கண்காட்சிக்கான கடைசிப் படம் இன்னும் வெள்ளைத் தாளாகவே இருந்தது. பென்சிலை எடுப்பாள், வைப்பாள். சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள்.

அவளுடைய அப்பா இரவுக் காவலாளி. ஒற்றை அறை வீட்டில் பகலெல்லாம் தூங்குவார். பிள்ளைகள் மூச்சுவிட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும். எனவே அவளும் தங்கையும் சண்டையைக்கூடச் சிலேட்டில் படம் போட்டுத்தான் நடத்தினார்கள். அன்று பழகிய கை, பக்கத்தில் ஒருவர் தூங்கினால்தான் இன்றும் ஓடும்; இல்லாவிட்டால் சண்டித்தனம் செய்யும்.

மாலையில் படத்தை வாங்கிப்போகக் கண்காட்சி மேலாளர் வந்தார். அழைப்பிதழ் வாசகம் அவர் கைவண்ணம்தான்.

“முடிஞ்சிருச்சா மேடம்?”

“முடிஞ்சிரும். நீங்க அந்த சோபாவில படுத்துக் கொஞ்சம் தூங்குங்க.”

“தூக்கமா? உங்க படம் வராம எனக்கு அது போயே நாளாச்சு!”

“அப்ப இன்னும் வசதி. படுங்க சார்.”

பைத்தியத்திடம் வாக்குவாதம் எதற்கென்று அவர் படுத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

“நடிக்காதீங்க சார். தூங்குறவரைப் பார்த்தே வளர்ந்தவ நான்.”

அலைந்த உடம்பு எவ்வளவு நேரம் நடிக்கும்? குறட்டை கிளம்பியது. அவர் எழுந்திருப்பதற்குள் அவள் படத்தை வரைந்து முடித்தாள்.